சடையங்குப்பத்தில் ஓர் அட்டைப்படம்

(இசை இதழுக்கான படப்பிடிப்பைத் திட்டமிடுவது குறித்து, சடையங்குப்பத்தில் இளம் ஒளிப்படக்காரர்களும் கானா, பறைக் கலைஞர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்.)



வடசென்னைக் கலைஞர்களை ஓர் இசை இதழுக்காகப் படம் எடுப்பதென்றால் அதை எப்படித் திட்டமிட வேண்டும் என்று பேசச் சொன்னீர்கள். கேமரா, லென்ஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் பற்றிப் பேசத்தான் போகிறேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அட்டையில் யார் நிற்பார்கள், எந்த ஊர் தெரியும், யார் பெயர் அச்சாகும் என்பதெல்லாம் கேமராவை வெளியே எடுப்பதற்கு முன்பே, ஒரு மேசையில், ஒரு தாளில் முடிவாகிவிடுகிறது. ஒளிப்படக்காரர் வந்து நிற்கும்போது பாதிப் படம் எடுத்து முடிந்தாயிற்று. நியாயமான படம் வேண்டுமென்றால் அந்தத் தாளிலேயே நியாயம் இருக்க வேண்டும். நான் இன்று சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு கருத்தின் விரிவுதான்.

நம் கண்ணெதிரே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் பாடகி தீயும் ராப் பாடகர் அறிவும் பாடினார்கள். வரிகளை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை அந்தப் பாட்டுக்குள் இருப்பதை அவரே சொல்லியிருக்கிறார். அதே ஆண்டு ஜூலையில், வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைச் சொன்ன 'சார்பட்டா பரம்பரை' வெளியானது. அதன் 'நீயே ஒளி' பாட்டுக்கும் வரிகள் எழுதியவர் அறிவு. ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும், கனடாவில் வாழும் தமிழ் ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் இதை வெளிப்படையாகக் கேட்டார். இரண்டு பாட்டுக்கும் சொல் கொடுத்தவர் ஏன் மறைந்துபோனார் என்ற கேள்வி நாடெங்கும் போயிற்று. பிறகு அறிவைத் தனியே வைத்து ஒரு டிஜிட்டல் அட்டையை அந்த இதழ் வெளியிட்டது.

இதில் நாம் கற்க வேண்டியது என்ன? படப்பிடிப்புத் தளத்தில் யாரும் அறிவைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தளத்துக்கு வரவேண்டியவர்களின் பட்டியலிலேயே அவர் இல்லை. கட்டுரையின் பொருள் வேறு என்று இதழ் தரப்பில் சொல்லலாம். ஆனால் வாசகர் அட்டையைப் பார்த்துத்தான் பாட்டு யாருடையது என்று முடிவு செய்கிறார். உள்ளே பதினைந்தாம் பக்கத்தில் ஒரு வரியில் பெயர் வந்தால் அது ஈடாகாது. அட்டை சொல்வதுதான் நினைவில் நிற்கும்.

அதனால் படப்பிடிப்புக்கான முதல் வேலை லொகேஷன் பார்ப்பது கிடையாது. பாட்டைப் பார்ப்பது. எந்தப் பாட்டுக்காக இந்தக் கலைஞர்களைப் பற்றி எழுதுகிறோமோ அந்தப் பாட்டை எடுத்துவைத்து, எழுதியவர் யார், மெட்டுப் போட்டவர் யார், பாடியவர், டோலக் அடித்தவர், சட்டிமேளம் அடித்தவர், பறை இசைத்தவர், கோரஸ் கொடுத்தவர் யார் யார் என்று வரிசையாக எழுதுங்கள். கானாவில் இன்னொன்றும் உண்டு. ஒருவர் கட்டிய பாட்டை இன்னொருவர் பாடிப் புகழ் பெறுவார். கட்டியவர் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருப்பார். அவரை விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்தப் பட்டியல் முடிந்த பிறகுதான் யார் அட்டையில், யார் உள்பக்கத்தில் என்ற பேச்சையே எடுக்க வேண்டும். ஒருவரை விடுவதென்றால் ஏன் விடுகிறோம் என்பதைப் பெயருக்கு எதிரே எழுதிவையுங்கள். எழுத முடியாத காரணம் என்றால் விடக்கூடாத ஆள் என்று பொருள்.

பெயரை எப்படி அச்சிட வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். 'கானா' என்ற அடைமொழியோடு சேர்த்து வேண்டுமா, தலையெழுத்து வேண்டுமா, அம்மா பெயர் சேர்க்க வேண்டுமா என்பதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். செல்போனில் எப்படிச் சேமித்திருக்கிறோமோ அப்படியே கேப்ஷனில் போட்டு அனுப்பிவிடுகிற பழக்கம் நம் துறையில் இருக்கிறது. அது மாற வேண்டும்.

உடைக்கு வருகிறேன். இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்ந்து தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவை உருவாக்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. மேடையில் 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், பறை, சட்டி, டோலக், கிடார் எல்லாம் ஒன்றாக நின்றன. எல்லோரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அந்த உடை யோசித்து எடுத்த முடிவு. கானாக்காரர் என்றால் லுங்கி, கழுத்தில் கர்ச்சீப், கையில் காப்பு என்று சினிமா பல காலம் வரைந்துவைத்த உருவத்தை அந்த உடை ஒரே இரவில் உடைத்தது. ஒரு வார்த்தை பாடுவதற்கு முன்பே அவர்கள் சொல்ல வந்தது பார்வையாளருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக நான் நின்ற ஒரு படப்பிடிப்பைச் சொல்கிறேன். இதழின் பெயர் வேண்டாம். கானா பாடும் தம்பி ஒருவர் நன்றாக இஸ்திரி போட்ட நீலச் சட்டையும் பேன்ட்டுமாக வந்து நின்றார். லேஅவுட் பார்க்கிறவர் பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட லுங்கியை எடுத்து நீட்டினார். தம்பி அதைக் கையில் வாங்கவே இல்லை. "எதுக்குண்ணே லுங்கி? நான் கச்சேரிக்கு இப்படித்தானே போறேன். லுங்கி கட்டிக்கினு வூட்ல படுத்துக்குவேன், மேடையில ஏற மாட்டேன்" என்றார். கோபமே இல்லாமல், விளக்கம் கேட்கிற குரலில்தான் சொன்னார். பதில் சொல்ல அங்கே யாரிடமும் எதுவும் இல்லை. நீலச் சட்டையிலேயே படம் எடுத்தோம். அது நல்ல படம். மேடைக்கு எதைப் போடுகிறீர்களோ அதைப் போட்டு வாருங்கள் என்று முதல் நாளே ஒரு வரி போனில் சொல்லியிருந்தால் அந்த லுங்கி பையிலேயே ஏறியிருக்காது.

உலகம் முழுக்கப் பேசப்படும் ஓர் இசைப்படத்தின் திட்டத்தையும் பார்ப்போம். 1958 ஆகஸ்ட் 12. நியூயார்க்கின் ஹார்லெம், 126ஆவது தெரு. எஸ்குவயர் இதழின் ஜாஸ் சிறப்பிதழுக்காக ஆர்ட் கேன் எடுத்த படம். அவர் அதுவரை பக்க வடிவமைப்பில் இருந்தவர். ஒளிப்படத்தைத் தொழிலாகச் செய்தவர் கிடையாது. ஸ்டுடியோவுக்கு வரச் சொல்லாமல் ஜாஸ் இசை வளர்ந்த தெருவுக்கே எல்லோரையும் அழைத்தார். குறித்த நேரம் காலை பத்து மணி. இரவெல்லாம் வாசித்துவிட்டு விடியலில் படுக்கிறவர்களுக்கு அது நடுநிசி மாதிரி. இருந்தும் வந்தார்கள். படத்தில் 57 இசைக் கலைஞர்கள் இருக்கிறார்கள். கவுன்ட் பேசி, டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் போன்ற பெரிய பெயர்களோடு, ஜாஸ் கேட்பவர்களிலேயே பலர் அறியாத பெயர்களும் அதே படிக்கட்டில் நிற்கின்றன. அந்தத் தெருப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க வந்து நடைபாதை ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். கவுன்ட் பேசி கால் வலித்ததோ என்னவோ, போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரும் பிள்ளைகளை விரட்டவில்லை. அதனால்தான் அந்தப் படத்தில் இசையோடு ஊரும் இருக்கிறது.

இந்தப் படத்தில் குறையும் உண்டு. 57 பேரில் பெண்கள் மூன்றே பேர்: மேரி லூ வில்லியம்ஸ், மரியன் மெக்பார்ட்லண்ட், மாக்சின் சல்லிவன். நம் பக்கமும் அதுதான் நிலை. இராயபுரத்தில் வளர்ந்த இசைவாணி, ஆண்களே கோலோச்சிய கானா மேடையில் ஏறிப் பாடியவர். கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் தொடங்கியபோது அதில் ஒரே பெண் குரல். பிபிசி 2020இல் வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. குழுப்படம் எடுக்கும்போது ஒரே ஒரு பெண் இருந்தால் ஒன்று நட்டநடுவில் பூங்கொத்து மாதிரி நிறுத்துவார்கள், இல்லையென்றால் ஓரத்தில் ஒதுக்குவார்கள். இரண்டும் வேண்டாம். அவர் குழுவில் என்ன வேலை செய்கிறாரோ அந்த இடத்தில் நிற்கட்டும். பாட்டை முன்னெடுப்பவர் என்றால் முன்னால். உடை மாற்ற ஒரு தனி அறை, சுத்தமான கழிப்பறை, வீடு திரும்ப வண்டி, இந்த மூன்றையும் திட்டத்தாளில் எழுதாத படப்பிடிப்புக்குப் பெண் கலைஞரை அழைக்கக் கூடாது.

இப்போது நேரம். ஒளிப்படக்காரர்களுக்கு விடிகாலை வெளிச்சம் பிடிக்கும். ஆனால் சனிக்கிழமை இரவு ஒரு கருமாதி வீட்டில் விடிய விடியப் பாடியவரை ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுப்புவது வெளிச்சத்துக்காக மனிதரை வதைப்பது. துறைமுகத்தில், கன்டெய்னர் யார்டில், ஆட்டோவில் வேலை பார்த்துக்கொண்டே பாடுகிறவர்கள் நம்மிடம் அதிகம். அவர்களின் ஷிப்டைக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். அன்றைய கூலி போகிறதென்றால் அதை இதழ் ஈடுகட்ட வேண்டும். மேக்கப் போடுகிறவருக்கும் லைட்மேனுக்கும் பேட்டா இருக்கிறது. படத்தில் நிற்கிறவருக்கு மட்டும் 'பப்ளிசிட்டி' என்று சொல்லிக் கையை விரிப்பது நியாயமாகாது.

சடையங்குப்பத்துக்கு மாலைதான் பொருத்தம். வானத்தைப் பார்த்துச் சொல்கிறேன். கடல் நமக்குக் கிழக்கே எண்ணூர்ப் பக்கம், மணலி ஆலைகள் தென்மேற்கே. மாலையில் சூரியன் மணலிப் பக்கம் இறங்கும். கலைஞர் மேற்கே பார்த்து நின்றால் முகத்தில் நேர் வெளிச்சம், பின்னால் நீர்நிலையும் வானமும். கிழக்கே பார்த்து நின்றால் முகம் நிழலில், பின்னால் புகைபோக்கிகளின் கறுத்த உருவம். எந்தத் திசை என்று முடிவு செய்யும்போதே அந்த மனிதரைக் காட்டப் போகிறோமா, புகைபோக்கியைக் காட்டப் போகிறோமா என்பதும் முடிவாகிவிடுகிறது. ஜனவரியில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறையும். நாலரைக்கு ஆள் நின்றிருக்க வேண்டும். ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சென்னையில் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். கம்பத்துக்கே நிழல் விழாது. அந்த நாட்களில் நடுப்பகலில் எடுத்தால் எல்லாக் கண்ணும் குழியாகத் தெரியும். போகி நாளன்று ஊரெல்லாம் புகை, அதைத் தவிர்த்துவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் இந்த ஊரில் படப்பிடிப்பு வைப்பதென்றால் ஊர்க்காரர்களைக் கேட்காமல் வைக்கவே கூடாது.

ஏன் என்று வெளியிலிருந்து வந்த தம்பிகளுக்குச் சொல்ல வேண்டும். கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த தாழ்ந்த நிலம் இது. 2021 நவம்பரில் பூண்டி ஏரியிலிருந்து திறந்த உபரிநீர் கொசஸ்தலையாற்றில் பெருகி வந்தபோது மணலி புதுநகரும் சடையங்குப்பமும் மூழ்கின. படகில் ஆட்களை ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கமிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை போய், மீனவர்களின் படகையும் வலையையும் நாசமாக்கியது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969இல் இயங்கத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதற்கு வடக்கே வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இன்றும் ஓடுகின்றன. இந்த ஊர் மக்கள் இவை அத்தனைக்கும் நடுவில்தான் பிள்ளை வளர்க்கிறார்கள், கல்யாணம் பண்ணுகிறார்கள், பாடுகிறார்கள்.

இதையெல்லாம் கேட்ட பிறகு, புகைபோக்கிக்கு முன்னால் ஒரு பாடகரை நிறுத்தி 'செம்ம லுக்' என்று சொல்ல மனம் வருமா? புகையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' காணொளியைப் பாருங்கள். கபேர் வாசுகி எழுதிய வரிகளை, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைப்பில், ராகமாலிகையாக டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று பாடினார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். கர்நாடக சங்கீதப் பாடகரை நாம் சபா மேடையில், ஜரிகைத் திரைக்கு முன்னால் பார்த்தே பழகியவர்கள். அவரைச் சாம்பல் படிந்த கழிமுகத்தில் பார்த்தபோது திடுக்கிட்டோம். அங்கே இடம் அலங்காரமாக வரவில்லை. அந்தப் பாட்டே எண்ணூர்க் கழிமுகத்தைப் பற்றியது. புகையையும் சாம்பலையும் காட்டாமல் அதைப் படமாக்கவே முடியாது.

இதுவே அளவுகோல். பாட்டுக்கும் புகைக்கும் தொடர்பு இருந்தால் புகை படத்தில் வரட்டும். ஒருவர் காதல் கானா பாடுகிறார் என்றால் அவருக்குப் பின்னால் ஏன் ஆலை? அவர் எங்கே பாட்டுக் கட்டினார் என்று கேளுங்கள். மொட்டை மாடி என்பார், கேரம் கிளப் என்பார், நண்பர் வீட்டுத் திண்ணை என்பார். அங்கே போங்கள். அந்தத் திண்ணைச் சுவரின் பச்சை டிஸ்டம்பர் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காது. பக்கத்துப் பர்மா நகரில் 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு வயதானவரைக் கேட்டால் அவர் எந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்தார் என்பதே தனிக் கதையாக வரும். ஒன்று மட்டும் கண்டிப்பு. படத்துக்காக யாரையும் எண்ணெய் மிதக்கும் தண்ணீரிலோ சாம்பல் சேற்றிலோ இறங்கச் சொல்லக் கூடாது. படம் நன்றாக வரும், அவர் உடம்பில் அரிப்பும் கூடவே வரும்.

அனுமதி பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவற்றின் வாயிலையும் மதிலையும் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். காவலர் வந்து கேமராவைக் கேட்டால் வெளியூர் ஒளிப்படக்காரர் பேசிச் சமாளித்துவிட்டுப் போய்விடுவார்; கூட நின்ற உள்ளூர்ப் பையன்தான் மறுநாளும் விசாரிக்கப்படுவான். ட்ரோனுக்கு 2021ஆம் ஆண்டு விதிகள் வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வரைபடத்தைப் பார்க்காமல் இந்தப் பகுதியில் ட்ரோனைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். சாவு வீட்டில் பாடுகிற கலைஞரைப் படம் எடுப்பதென்றால் குடும்பத்தின் சம்மதம் முதலில் வேண்டும். கிடைக்கவில்லையென்றால் கேமராவை மூடிவைத்துவிட்டுப் பாட்டைக் கேட்டுவிட்டு வாருங்கள். சிறு பிள்ளைகள் படத்தில் இருந்தால் பெற்றோரின் சம்மதம் வேண்டும்.

இனி கருவிகள். கேமராவைச் சொல்லவில்லை, கலைஞர்களின் கருவிகளைச் சொல்கிறேன். பறையின் மாட்டுத்தோல் கடற்காற்றின் ஈரத்தில் தொய்ந்துவிடும். வைக்கோலையோ காகிதத்தையோ கொளுத்தி, பறையைத் தீக்கு முன் சாய்த்துப் பிடித்து, விரலால் தட்டித் தட்டிப் பார்த்துக் காய்ச்சுவார்கள். மந்தமான 'தொப்' சத்தம் மெல்ல மெல்லக் கணீரென்று மாறும். அந்தக் கணத்தில் பறையடிப்பவர் முகத்தைப் பாருங்கள். கண் தீயில் இருக்கும், காது தோலில் இருக்கும், யாரையும் கவனிக்க மாட்டார். நான் பார்த்த சிறந்த முகங்களில் சில அந்தத் தீவெளிச்சத்தில் கிடைத்தவை. ஆனால் இதற்கும் திட்டம் வேண்டும். இந்தப் பகுதியில் எரிபொருள் குழாய்கள் நிலத்தடியில் போகின்றன. நினைத்த இடத்தில் தீ மூட்டக் கூடாது. ஊர்ப் பெரியவர்கள் காட்டும் பாதுகாப்பான இடத்தில், பக்கத்தில் வாளித் தண்ணீரோடுதான் மூட்ட வேண்டும். காய்ச்சிய பறை மறுபடி தொய்வதற்குள் எடுக்க வேண்டிய படங்கள் எவை என்று முன்பே வரிசைப்படுத்தியிருக்க வேண்டும்.

'அடிக்கிற மாதிரி நில்லுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். நிஜமாகவே அடிக்கட்டும். பாவனைக்குக் கையைத் தூக்கினால் தோள் பொய் சொல்லும். அடிக்குச்சி ஒரு கையில், சிண்டுக்குச்சி ஒரு கையில், உடம்பு முழுக்கத் தாளத்தில் இருக்கும்போது ஷட்டரை அறுபதில் ஒரு வினாடிக்கு இறக்கினால் குச்சிகள் கோடுகளாகக் கலையும், முகம் நிலைத்து நிற்கும். சத்தம் படத்தில் தெரிய வேண்டுமென்றால் இதுதான் வழி. ஐந்நூறில் ஒரு வினாடியில் எடுத்தால் குச்சி அந்தரத்தில் உறைந்து நிற்கும். அது இன்னொரு வகை அழகு, ஆனால் தாளம் நின்றுபோயிருக்கும். கருவிகளைக் கொண்டுவர ஒரு குட்டி யானை வண்டி பேசிவையுங்கள். டோலக்கையும் சட்டியையும் கலைஞர்களே பேருந்தில் சுமந்து வர வேண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

தோல் நிறம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. ஒளிப்படத் தொழில்நுட்பம் நம்மை நினைத்து உருவானது கிடையாது. கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கப் பல காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை மாதிரி அட்டையாக வைத்திருந்தது. 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுப்பினக் குழந்தைகளின் முகம் பள்ளிக்கூடக் குழுப்படங்களில் கரிக்கட்டையாக வந்ததைப் பெற்றோர் சொன்னபோது அது பெரிதாகப் படவில்லை. மரச்சாமான் விளம்பரம், சாக்லேட் விளம்பரம் எடுத்தவர்கள் பழுப்பு நிறங்கள் சரியாக வரவில்லை என்று முறையிட்ட பிறகுதான் பிலிமை மாற்றத் தொடங்கினார்கள்.

இன்றைய டிஜிட்டல் கேமராவின் ஒளிமானியும் எதிரே இருப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறமாக நினைத்தே அளக்கிறது. எண்ணூர் வானம் வெளுத்திருக்கும், சாம்பல் தரையும் வெளுத்திருக்கும். கேமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணி அளவைக் குறைக்கும். நடுவில் நிற்கும் கறுத்த முகம் இருட்டில் மூழ்கும். பிறகு அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் முகத்தைத் தூக்கிவிடுவார்கள், முகம் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிடும். அதனால் முகத்தின் மேலேயே அளவெடுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும். பெரிய வெள்ளைத் தெர்மாகோல் ஒன்றைப் பக்கவாட்டில் வையுங்கள். தங்கநிற ரிஃப்ளெக்டர் வேண்டாம், அது தோலை மஞ்சளாக்கிவிடும். கறுத்த தோலின் அழகு அதில் விழுந்து திரும்பும் ஒளியில் இருக்கிறது. நெற்றியிலும் கன்னத்திலும் அந்த ஒளி ஓடட்டும், பவுடர் போட்டு அதை அணைக்காதீர்கள். அச்சுக்குப் போகும்போது தாள் மையை உறிஞ்சி அடர்நிறங்களை இன்னும் இருட்டாக்கும். அட்டைக்கு ஒரு புரூப் எடுத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இதழ்கள் தோலை வெளுப்பாக்கித் தரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த மறுப்பையும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பக்கத்தின் அளவும் திட்டத்தில் சேர வேண்டும். அட்டையின் மேல்பகுதியில் இதழின் பெயர் வரும்; தலைக்கு மேல் இடம் விட்டு எடுக்க வேண்டும். நடுப்பக்கத்தில் இரண்டு பக்கத்துக்கும் பரவும் குழுப்படம் என்றால் நடுவே மடிப்பு விழும். 19 பேரை வரிசையாக நிறுத்தி எடுத்த படத்தில் பத்தாவது ஆள் அந்த மடிப்புக்குள் போய்விடுவார். இதழ் விரியும்போது அவர் மூக்கும் வாயும் தையலுக்குள் இருக்கும். அவருடைய அம்மா அந்தப் பக்கத்தை எத்தனை முறை அழுத்தி விரித்துப் பார்ப்பார் என்று யோசியுங்கள். நடுவில் ஒரு சட்டிமேளத்தையோ ஒரு இடைவெளியையோ விட்டு இரண்டு பக்கமும் ஆட்களைப் பிரித்து நிறுத்துங்கள். கீழே கேப்ஷனில் 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கி ஒருவர் பெயரும் விடாமல் போடுங்கள். 'மற்றும் குழுவினர்' என்ற இரண்டு சொற்களை நம் துறையிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

இதழ் அச்சானதும் வேலை முடிந்ததாக எண்ணக் கூடாது. படத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தால் முதலில் போவது பழைய ஆல்பமும் கல்யாணப் படங்களும்தான் என்பது இந்த ஊருக்குத் தெரியும். அதனால் படங்களின் முழு அளவு டிஜிட்டல் பிரதியையும் கொடுங்கள். தன்னுடைய அடுத்த நிகழ்ச்சி நோட்டீசுக்கு அந்தப் படத்தை அவர் பயன்படுத்தலாமா கூடாதா என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். தன் முகத்தைப் பயன்படுத்தத் தானே அனுமதி கேட்கும் நிலைக்கு ஒரு கலைஞரைத் தள்ளக் கூடாது.

கடைசியாக, சடையங்குப்பத்துப் பிள்ளைகளுக்கு. வெளியிலிருந்து யாராவது வந்து நம்மைச் சரியாக எடுப்பார்கள் என்று காத்திருக்கத் தேவையில்லை. பாரி இணைய இதழின் ஒளிப்படக்காரர் எம். பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் கேமரா கற்றுக்கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்க வைத்துவருகிறார். அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே இருந்து பார்க்கும் கண் எதை முதலில் பார்க்கிறது என்று.

நீங்கள் இந்த மாதமே தொடங்கலாம். ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். சடையங்குப்பம், பர்மா நகர், எர்ணாவூர், எண்ணூர்க் குப்பங்கள் என்று தெருத் தெருவாகப் போய், யார் பாடுகிறார்கள், யார் பாட்டுக் கட்டுகிறார்கள், யார் டோலக் வாசிக்கிறார்கள், யாரிடம் பழைய புல்புல்தாரா இருக்கிறது என்று எழுதுங்கள். சம்மதம் தருகிறவர்களை ஒரு மாலை வெளிச்சத்தில், அவர்கள் விரும்பும் உடையில், விரும்பும் இடத்தில் படம் எடுங்கள். செல்போன் கேமரா போதும். ஒவ்வொரு படத்தோடும் முழுப் பெயரையும் அவர்களுடைய ஒரு பாட்டின் கதையையும் சேர்த்து இதழ்களுக்கு அனுப்புங்கள். இந்தக் கலைஞர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதாக இருந்தால் படம் நாங்கள் எடுத்துத் தருகிறோம், எங்கள் கட்டணம் இவ்வளவு, பெயர்ப் பட்டியல் இது, இதில் ஒருவரையும் விடக் கூடாது என்று கடிதத்தில் எழுதுங்கள். முதல் கடிதத்துக்குப் பதில் வராமல் போகலாம். இரண்டாவதை எழுதுங்கள். இவ்வளவு தெளிவாகத் திட்டம் போட்டு வருகிறவர்களை எந்த ஆசிரியரும் வெகுநாள் தட்டிக்கழிக்க முடியாது.